இன்னாசிமுத்துவின் வாளுக்கு வழிவிட்ட மரங்கள்

பூலாம்பாறைக்கு மேலே ஊர் கிடையாது, மேகம்தான். அந்த மேகத்துக்கு அடுத்த வீட்டில், வத்தலக்குண்டிலிருந்து ஏறி வரும் பஸ் மூச்சு வாங்கித் திரும்புகிற இடத்துக்கு எதிரே, இன்னாசிமுத்து தம் மனைவி திரேசம்மாவோடும் முப்பது சொச்சம் பழைய செயின்சாக்களோடும் குடியிருந்தார். செயின்சாவைச் சங்கிலி வாள் என்று எழுதினால் எழுத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் அந்த மலையில் போய் அப்படிச் சொன்னால் யாரோ ஒரு பாளையக்காரர் இடுப்பில் செருகியிருந்த ஆயுதம் என்று நினைத்துக்கொள்வார்கள். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களை அறுத்து அறுத்துப் பல் மழுங்கி, பிஸ்டன் இறுகி, மழையில் கிடந்து, கோழி அடைகாக்கும் நிலைக்கு வந்துவிட்ட மிஷின்களை அவர் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டு வாங்கி வந்தார். மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். சங்கிலியைப் பல் பல்லாக அரத்தால் ராவினார். திரேசம்மா புதுப்புடவை கட்டியதை ஒரு தடவைகூடக் கவனிக்காத கண்ணால் கார்புரேட்டரின் ஊசித்துளையை மணிக்கணக்கில் கவனித்தார். திரேசம்மா ஒரு கட்டத்துக்கு மேல் கோபப்படுவதை நிறுத்திவிட்டாள். விருந்தாளி வந்தால், "உக்காருங்க, அந்த மஞ்சளை மட்டும் நகட்டிட்டு உக்காருங்க, அது சுவீடன்காரி, சட்டுனு கோவிச்சுக்கும்" என்பாள். விருந்தாளி நகர்த்தக் கை நீட்டுவதற்குள் இன்னாசிமுத்து குறுக்கே பாய்ந்து தாமே நகர்த்துவார். அவருடைய மிஷினை அவருடைய கை மட்டும்தான் தொடும். அந்த வீட்டில் பத்துக் கட்டளைகளுக்கு அப்புறம் அதுதான் பதினோராவது.

அவற்றில் பெரியது, மூடிப்போன ஒரு தோட்டத்தின் கிட்டங்கியிலிருந்து வந்தது. கன்றுக்குட்டி கனம், சங்கிலி ஓடுகிற பட்டை மட்டுமே ஓர் ஆள் நீளம், இரண்டு பேர் சேர்ந்து தூக்கவென்று ஜெர்மனியில் யாரோ செய்தது. அதை இன்னாசிமுத்து ஒற்றை ஆளாகவே தூக்கினார், ஒற்றை ஆளாகவே பிரித்தார், ஒற்றை ஆளாகவே பூட்டினார்.

ஒவ்வொரு மே மாதமும் பூலாம்பாறைக் கோயில் திடலில் இந்தப் பித்துப் பிடித்தவர்கள் கூடுவார்கள். ஏற்காட்டிலிருந்தும் கூடலூரிலிருந்தும் குடகிலிருந்தும் சாக்கு மூட்டையில் மிஷினைக் கட்டிக்கொண்டு வந்து, ஆளாளுக்குக் கயிற்றை இழுத்து ஓடவிட்டு, மரக்கட்டையிலிருந்து ஒரு வட்டு அறுத்துக் காட்டுவார்கள். வட்டு விழுந்தால் கைதட்டு; விழாவிட்டால் வருடம் முழுக்கப் பேச்சு. போன வருடம் பெரியது ஓடவே இல்லை. வால்பாறையிலிருந்து வந்த பால்துரை, அதாவது இந்தக் கூட்டத்திலேயே அதிக மிஷினும் அதிக வாயும் உள்ளவர், அதைச் சுற்றிச் சுற்றி வந்து, தொடாமலே குனிந்து பார்த்து, முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்னவே இன்னாசி, இது மிஷினா, சாமானா? இத வீட்ல வச்சுக் கும்பிடலாம். அறுக்காது."

"அடுத்த வருசம் அறுக்கும்."

"அறுத்தா எங்கிட்ட உள்ளதுல எது வேணும்னாலும் எடுத்துக்கிடும். அறுக்கலன்னா இது வால்பாறைக்கு வந்துரணும். சரியா?"

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னாசிமுத்து "சரி" என்றார். பக்கத்தில் நின்ற திரேசம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பா பெருமூச்சா என்று சொல்ல முடியாது.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை காலை, கொல்லையில், பெரியது ஓடியது. முதல் இழுப்பில் தும்மி, அடுத்த இழுப்பில் இருமி, அதற்கடுத்த இழுப்பில் மலையையே எழுப்பும் குரலில் பாடத் தொடங்கியது. இன்னாசிமுத்து கண்ணீரைத் துடைக்கக் கை இல்லாமல், பட்டையைத் தூக்கிக் கொய்யா மரத்தின் ஒரு பட்ட கிளைக்கு நேரே நீட்டினார். கொய்யா மரம், தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிறவள் கொசுவத்தைத் தூக்கிப் பிடிப்பதுபோல் வேரைத் தூக்கிக்கொண்டு, இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றது. அவர் முன்னால் போனார். மரம் இன்னும் பின்னால் போனது. அவர் இடப்பக்கம் நீட்டினால் அது வலப்பக்கம் ஒதுங்கியது. சிலர் பிற்பாடு இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது மரம் ஓடியது என்றார்கள், அது மிகை. மரம் ஓடவில்லை, ஒதுங்கியது. நெரிசலில் யாராவது சூடான காப்பியோடு வந்தால் ஒதுங்குவோமே, அவ்வளவுதான்.

அடுக்களை ஜன்னலிலிருந்து திரேசம்மா, "ஏங்க, பாத்துத் தள்ளுங்க, அதுக்குப் பின்னால துணி காயுது" என்றாள்.

பச்சை மரம், பட்ட மரம், அறுத்த மரம், இழைத்த மரம் என்று பேதமில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. பட்டையின் நுனி எதைப் பார்க்கிறதோ அது விலகியது. விறகு உருண்டது. முக்காலி மூன்று காலால் தத்தித் தத்திப் போனது. திரும்பும்போது நுனி தவறி வீட்டைப் பார்த்ததில் நிலைக்கதவு சுவரைவிட்டுக் கிளம்பப் பார்க்க, திரேசம்மா அதன் முதுகில் ஒன்று வைத்து நிறுத்தினாள்.

மறுநாள் முதல் ஆளாக வந்தவள் நாகரத்தினம். மிளகு காயப்போடும் களத்துக்கு ஒரு பலாமரம் நிழல் கட்டுகிறது என்பது அவளுடைய பல வருடத்துப் புலம்பல்.

"அண்ணே, அந்தப் பலாவைக் கொஞ்சம் கிழக்கால தள்ளி நிக்கச் சொல்லுங்களேன். வெட்ட மனசு வரல. பழம் தேனா இருக்கும்."

இன்னாசிமுத்து போனார், கயிற்றை இழுத்தார், நீட்டினார். பலா, காய்களை இடுப்புப் பிள்ளைகளைப்போல அணைத்துக்கொண்டு, முணுமுணுக்காமல் கிழக்கே போய் நின்றது. களத்தில் வெயில் விழுந்தது. நாகரத்தினம் ஒரு பெட்டி மிளகு கொடுத்தாள். அன்று மாலைக்குள் பூலாம்பாறை இந்த மிஷின் இல்லாமல் எப்படிக் காலம் தள்ளினோம் என்று வியக்கத் தொடங்கியிருந்தது. அது வரும் வழியில் எல்லாம் எழுந்து ஒதுங்கி வழிவிட்டதால் அதற்குக் கலெக்டர் என்று பெயரும் வந்துவிட்டது.

ஆனால் அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே நிலத்துக்கு எல்லை கல் அல்ல, மரம். கல்லை இரவோடிரவாக நகர்த்திவிடலாம், மரத்தை யாரால் முடியும் என்று முன்னோர்கள் தீர்க்கமாக யோசித்துச் செய்த ஏற்பாடு. 'பலாவுக்கு மேற்கே உள்ளது நாகரத்தினம், கிழக்கே உள்ளது ஒச்சப்பன்' என்பதுதான் அங்கே சட்டம். பலா கிழக்கே நகர்ந்ததும் நாகரத்தினத்தின் நிலமும் கூடவே நகர்ந்தது. ஒச்சப்பன் எழுந்து பார்க்கும்போது அவருடைய ஆரஞ்சு மரங்களில் ஒரு வரிசை நாகரத்தினத்துக்குச் சொந்தமாகியிருந்தது. அவர் சண்டைக்குப் போகவில்லை, சட்டத்தை மதிக்கிறவர். நேரே இன்னாசிமுத்துவிடம் வந்து, "ஏப்பா, நம்ம பக்கம் நின்னு ஒரு தடவை ஓட்டேன்" என்றார். பலா மேற்கே திரும்பியது, போன வழிக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே. மறுநாள் நாகரத்தினம். அடுத்த நாள் ஒச்சப்பன். அந்த வாரத்தில் பலா நடந்த நடையில் அது களைத்துப்போய்ப் பிஞ்சுகளை உதிர்க்க ஆரம்பித்தது.

நிலம் அளக்க ஓர் அதிகாரி வந்தார். பலா அவருடைய கண் முன்னாலேயே நடந்தது. அவர் அளவுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு, "நிக்கிற மரம் ஒரு இலாகா, நடக்கிற மரம் வேற இலாகாவா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிப் போனார். ஊர் தானாகவே கோயில் திடலில் கூடிப் பேசித் தீர்மானம் செய்தது: எல்லை மரத்தை நகர்த்தும்போது இரண்டு பக்கத்துக்காரர்களும் கூட நின்று காப்பி குடிக்க வேண்டும், நடந்த மரத்துக்கு அடுத்த மழை வரைக்கும் ஓய்வு கொடுக்க வேண்டும், காய்ப்பிலிருக்கும் மரத்தைப் படியேறவோ இறங்கவோ சொல்லக் கூடாது. பலா பழைய இடத்துக்கே வந்தது. களத்து நிழலுக்குப் பரிகாரமாக ஒச்சப்பன், நாகரத்தினத்தின் மிளகைத் தம் களத்தில் காயப்போடச் சொன்னார். அதை முன்பே சொல்லியிருக்கலாம், யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் சுமுகமாகப் போனது. பஸ் டிரைவர் கேட்டுக்கொண்டதால் திருப்பத்தில் நின்ற சில்வர் ஓக்குகள் இரண்டடி பின்னால் போயின. கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தல் போடுவதை விட்டுவிட்டு மாமரம் நான்கை வாசலுக்கு வரவழைத்தார்கள். பந்தி முடிந்ததும் அவை இலை எடுப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டன. கோயில் கழுவும் நாளில் பெஞ்சுகளெல்லாம் வரிசை கலையாமல் வெளியே வந்து வெயில் காய்ந்தன. ஒரு தடவை நுனி சற்று உயர்ந்துவிட, பீடத்தில் நின்ற தேக்குமர அந்தோணியார் இறங்கிவந்து தண்ணீர்த் தொட்டியருகில் நின்றார். பங்குச் சாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "அவரும் எத்தனை வருசமாத்தான் ஒரே இடத்துல நிப்பாரு" என்று விட்டுவிட்டார்.

ஊரில் சந்தோஷமில்லாமல் இருந்தது ஒரே ஆள். இன்னாசிமுத்துவுக்கு மரம் நகர வேண்டாம். மரம் அறுபட வேண்டும். ஒரு வட்டு. வெறும் ஒரே ஒரு வட்டு. சங்கிலி மரத்தில் இறங்கும்போது மிஷினின் குரல் கனப்பதைக் கேட்க வேண்டும், புது மரத்தூளின் வாசனை சட்டைக்குள் போக வேண்டும். அதற்காகத்தான் இத்தனை மண்ணெண்ணெய். மற்ற மிஷின்கள் எல்லாம் சமர்த்தாக அறுத்தன. இது மட்டும், எல்லாவற்றிலும் இனிய குரலுள்ள இது மட்டும், ஊரையெல்லாம் ஏவி வேலை வாங்கிக்கொண்டு ஒரு துரும்பைக்கூட அறுக்காமல் இருந்தது.

அவர் ஒரு கட்டையைப் பாறைக்கு முட்டுக்கொடுத்து வைத்துப் பார்த்தார். கட்டை பாறைமேல் ஏறியது. ஜீப்பில் கட்டிவைத்துப் பார்த்தார். கட்டை ஜீப்பையும் இழுத்துக்கொண்டு போய்க் காப்பிச் செடிக்குள் நிறுத்தியது. விஷயம் வெளியே தெரிந்ததும் ஊருக்குப் பகீரென்றது.

"கலெக்டர் வால்பாறைக்குப் போயிட்டா எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நெழலு?" என்றார் ஒச்சப்பன்.

"அண்ணே, கட்டைக்குச் சந்தனம் வச்சுப் பாருங்களேன், பயம் தெளியும்" என்றாள் நாகரத்தினம். சந்தனம் வைத்தார்கள். கட்டை சந்தனத்தோடு ஒதுங்கியது.

ஒரு நாள் திரேசம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே கொல்லைக்கு வந்தாள். "நான் வேணா ஒரு கை பிடிக்கவா?"

"நீயா? மிஷினையா?"

"இல்ல, உங்க கையை" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் போய்விட்டாள். கொல்லையில் வெகுநேரம் அரம் ராவும் சத்தம் மட்டும் கேட்டது.

மே மாதம் வந்தது. திடலில் கூட்டம். ஏற்காட்டுக்காரர் ஒரு வட்டு, கூடலூர்க்காரர் ஒரு வட்டு, குடகுக்காரர் ஒரு வட்டு. அப்பளம் பொரிப்பதுபோல் வட்டுகள் விழுந்தன, மரத்தூள் வாசனை கோயில் வரை போனது. பால்துரை கக்கத்தில் நீளமான ஒரு துணிப்பையை இடுக்கிக்கொண்டு முன்வரிசையில் வந்து நின்றார்.

இன்னாசிமுத்து கலெக்டரைக் கொண்டுவந்தார். கயிற்றை இழுத்தார். அந்தக் குரலுக்கே வெளியூர்க்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பிறகு அவர் பட்டையை நீட்ட, கட்டை பின்னால் உருண்டது. அவர் போக, அது போக, கூட்டம் வழிவிட, திடலை முழுதாக ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று. முதலில் சிரித்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பதை நிறுத்தினார்கள். வேர்வை சொட்ட, அவர் மிஷினை நிறுத்திக் கீழே வைத்தார். எதிரே கட்டையும் நின்றது.

"அறுக்கல" என்றார். "எடுத்துட்டுப் போ."

பால்துரை குந்தி உட்கார்ந்தார். மிஷினைத் தூக்கவில்லை. பட்டையின் நுனியை விரலால் தடவினார். "இங்க ரெண்டு ஓட்டை இருந்திருக்கணுமே. என்னவே செஞ்சீரு?"

"பித்தளை பூட்டி அடைச்சேன். சும்மா ஓட்டையா இருந்துச்சு. அழகுக்கு."

"அழகுக்கா!" பால்துரை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "வே, இது ரெண்டாள் மிஷின்."

"தெரியும். நான் ஒத்தையாவே தூக்குவேன்."

"தூக்குவீரு. யாரு இல்லைன்னது?" பால்துரை துணிப்பையைப் பிரித்தார். உள்ளே, எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாகிவிட்ட ஓர் இரும்புக் கைப்பிடி. "எதிர்ப்பிடி. எங்க அய்யா காலத்துல இருந்து எங்கிட்ட கெடக்கு. மிஷின் இல்ல, பிடி மட்டும். நான் தேடாத எஸ்டேட் கெடையாது. போன வருசம் இத இங்க பாத்ததுல இருந்து எனக்குத் தூக்கமில்ல. அதுக்குத்தான பந்தயமே போட்டேன்."

அவரோடு வந்த வால்பாறைக்காரர் காதில் கிசுகிசுத்தார்: "அண்ணாச்சி, அதான் ஜெயிச்சாச்சுல்லா. வீட்டுல போயி மாட்டிக்கிடலாம்."

"அங்க போய்ச் சேர நாளைக்கு ஆயிரும்லடே" என்றார் பால்துரை. "அதுவரைக்கும் யாரு பொறுத்துக்கிட்டு இருக்க?"

அவர் பித்தளையைக் கழற்றினார். பிடியை ஓட்டைக்கு நேரே வைத்தார். பெண் பார்த்து நிச்சயம் செய்ததுபோல் அது போய்ப் பொருந்தியது. திருகி முடித்து, நுனிப்பக்கம் நின்று, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இழும்" என்றார்.

இன்னாசிமுத்து இழுக்கவில்லை. தம்முடைய மிஷினின் மேல் இருந்த அந்த இரண்டு வேற்றுக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ ஆண்டுகளில் அப்படி ஒரு காட்சி அவருக்கு நேர்ந்ததில்லை. கையெடு என்று வாய் வரை வந்தது, சொல்லியும் இருப்பார்.

"பிடிக்கட்டும், விடுங்க" என்றாள் திரேசம்மா கூட்டத்திலிருந்து. "நான் கேட்டப்பத்தான் குடுக்கல. அந்த அண்ணனுக்காவது குடுங்க. மிஷின் ஒண்ணும் தேஞ்சு போயிராது."

அவர் குனிந்து கயிற்றை இழுத்தார்.

கட்டை எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று பார்த்தது. இந்தப் பக்கம் ஓர் ஆள், அந்தப் பக்கம் ஓர் ஆள்; நடுவே பட்டை. இதுநாள்வரை தன்னைக் குத்திக் காட்டிக்கொண்டிருந்த அந்த நுனியை அது தேடியது. நுனி இல்லை. நுனி இருந்த இடத்தில் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். யாரையும் சுட்டாத வாளிடமிருந்து எதற்கு ஒதுங்குவது? கட்டை இருந்த இடத்தில் இருந்தது. சங்கிலி இறங்கியது. மிஷினின் குரல் கனத்தது. தூள் வெள்ளை வெள்ளையாய்ப் பீறிட்டு இருவர் சட்டைக்குள்ளும் புகுந்தது. இருவரும், ஒருவர் இழுக்க மற்றவர் தணிய, ஒருவர் தணிய மற்றவர் இழுக்க, என்ன கத்துகிறோம் என்று தெரியாமல் கத்திக்கொண்டே அறுத்து முடித்தார்கள். வட்டு விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது.

மிஷினை நிறுத்திய பிறகுதான் கூட்டம் கைதட்ட மறந்துபோய்த் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. திடலைச் சுற்றிலும் மரங்கள். சில்வர் ஓக்கும் ஆரஞ்சும் நாவலும் மாவும், கோயில் சுவரை ஒட்டியும், பஸ் நிற்கும் இடத்தில் நெருக்கியடித்தும், பின்னால் நிற்பவை முன்னால் நிற்பவற்றின் கிளைக்கு மேலே எட்டியும் நின்றன. இத்தனை நாள் அதட்ட மட்டுமே தெரிந்த மிஷினுக்கு வேறு என்ன தெரியும் என்று பார்க்க வந்திருக்க வேண்டும். யாரும் விரட்டி வரவில்லை, தாமாக வந்தவை.

பால்துரை இமையிலிருந்த மரத்தூளைத் தட்டினார். "அறுத்துட்டு. நானே அறுத்துக் குடுத்து நானே தோத்துட்டேன். என்ன வேணும், கேளும்."

"பிடியைக் கேளுப்பா" என்று ஒச்சப்பன் பின்னாலிருந்து இடித்தார். நாகரத்தினமும் அதையே சொன்னாள். பங்குச் சாமியார்கூட, பந்தயம் பாவம்தான் என்றாலும், தலையை லேசாக ஆட்டினார்.

இன்னாசிமுத்து பிடியைப் பார்த்தார். அதைக் கேட்டு வாங்கி, எண்ணெய் போட்டு, யார் கையும் படாமல் சுவரில் மாட்டிவைக்கலாம். பிறகு பால்துரையின் கைகளைப் பார்த்தார். அவை இன்னும் அந்தப் பிடியைவிட்டு வந்தபாடில்லை.

"பிடி உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "மாசத்துக்கு ஒருக்கா அதை எடுத்துக்கிட்டு வா. ஒரு வட்டு அறுப்போம்."

"அப்பம் பந்தயத்துக்கு?"

"பஸ் காசு உன்னோடது."

பால்துரை யோசித்தார். வால்பாறையிலிருந்து பூலாம்பாறைக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. "பெரிய வில்லங்கக்காரன்வே நீரு" என்று சொல்லி, பிடியைக் கழற்றித் துணியில் சுற்றினார். பிடி போனதும் பட்டைக்கு நுனி வந்துவிட்டது, கலெக்டர் மறுபடி கலெக்டரானார். மரங்களை வீட்டுக்கு அனுப்புகிற வேலை இருந்ததே. இன்னாசிமுத்து நீட்டிக்கொண்டு முன்னால் போக, அவரவர் மரத்தை அவரவர் அடையாளம் சொல்லிப் பின்னால் போனார்கள். திரேசம்மா தன் கொய்யாவைக் கூப்பிடக்கூட வேண்டியிருக்கவில்லை. அது கூட்டம் கலையுமுன்பே வழி பார்த்து நடந்துவிட்டது.

பொழுது சாய்வதற்குள் திடல் காலியாகிவிட்டது, ஒரு மரத்தைத் தவிர. பஸ் பக்கத்தில், வேரெல்லாம் செம்மண்ணும் தார்ப்பொடியுமாக, ஒரு யூக்கலிப்டஸ் நின்றது. யாருடையது என்று கேட்டார்கள். யாருடையதும் இல்லை. பால்துரை சுற்றிவந்து பார்த்தார். அடிமரத்தில் ஆணி அடித்து மாட்டிய, மிஷின் படம் போட்ட தகரப் பலகையைப் பார்த்தார்.

"ஏ, இது எங்க வீட்டு வாசல்ல நின்ன மரம்லா!"

"உங்க பின்னாலயே வந்திருக்கு" என்றாள் திரேசம்மா. "பாவம், எவ்வளவு தூரம். ஏங்க, ஒரு வாளி தண்ணி எடுத்தாங்க."

ஒரு வாளி போதவில்லை. மூன்று வாளி குடித்தது. அதற்குள் கடைசி பஸ் ஹாரன் அடித்துவிட்டது. பால்துரை பையோடு ஏறி, டிரைவர் காதில் ஏதோ சொல்லிவிட்டு, பின்ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தார். பஸ் இறக்கத்தில் இறங்கியது. பின்னால் மரமும் நிதானமாக இறங்கியது. டிரைவர் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு திருப்பத்திலும் அதற்காக நின்று நின்று போனார்.